பெயரைத் தேடும் கண்

சில மாதங்களுக்கு முன் ஒரு கொலைச் செய்தியைக் கைப்பேசியில் படித்துக்கொண்டிருந்தேன். யார் இறந்தார், எப்படி இறந்தார், அவருக்குப் பிள்ளைகள் இருந்தார்களா என்பதையெல்லாம் தாண்டி என் கண் வேகமாகக் கீழே இறங்கியது. அது தேடியது கைதானவனின் பெயரை. பெயர் கிடைத்து, அது என் மதத்தைச் சேர்ந்தவர்கள் வைக்கும் பெயர் இல்லை என்று தெரிந்ததும் நெஞ்சில் ஏதோ ஓர் இறுக்கம் தளர்ந்தது. அதை நிம்மதி என்று எழுதக் கை கூசுகிறது. ஆனால் அது நிம்மதிதான். ஒரு மனிதன் கொல்லப்பட்டிருக்கும்போது என் மனம் தன் கூட்டத்தின் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு மூச்சு விட்டது.

இரண்டு நாள் கழித்து, அலுவலகத்தில் பல ஆண்டுகளாக என் பக்கத்து இருக்கையில் வேலை செய்யும் ஒரு தம்பியிடம் இதைச் சொன்னேன். கைதானவன் அவருடைய மதத்தைச் சேர்ந்தவன் என்பதால் சொல்வதா வேண்டாமா என்று வெகுநேரம் தயங்கிவிட்டுத்தான் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. சற்று நேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “நானும் பெயரைத்தான் அண்ணா முதல்ல பார்ப்பேன். எங்க ஆளா இருந்துடக் கூடாதேன்னு வேண்டிக்கிட்டேதான் கீழ போவேன்” என்றார்.

அவர் ‘நம்ம ஆள்’ என்று சொல்லவில்லை, ‘எங்க ஆள்’ என்றார். தமிழில் ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு. கேட்பவரையும் சேர்த்துக்கொள்வது நாம்; அவரை வெளியே நிறுத்துவது நாங்கள். பல மொழிகளில் இந்த இரண்டுக்கும் ஒரே சொல்தான். நம் மொழியில் பேசுகிறவரோ, தன் கூட்டத்தைப் பற்றி வாயைத் திறக்கும் ஒவ்வொரு முறையும், எதிரில் நிற்பவர் கோட்டுக்கு உள்ளே இருக்கிறாரா வெளியே இருக்கிறாரா என்று முடிவு செய்தே ஆக வேண்டும். இத்தனை ஆண்டு பழக்கத்துக்குப் பிறகும், அவரும் நானும் ஒருவரையொருவர் மனதார விரும்பியும், இந்த ஒரு விஷயத்தில் அந்தக் கோடு எங்கள் இருவருக்கும் நடுவில்தான் ஓடியது.

இந்தக் கோடு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு என்னிடம் நீண்ட காலமாக ஒரு பதில் இருந்தது. மதம்தான் காரணம், மதம் இல்லாவிட்டால் மனிதர்கள் இவ்வளவு மோசமாக நடந்துகொள்ள மாட்டார்கள் என்று இளம் வயதில் உறுதியாக நம்பினேன். பிறகு வழிபாட்டில் எனக்கே ஆழ்ந்த பிடிப்பு வந்தபோது பதில் நேரெதிராகத் திரும்பியது: மதம் பாவம், அரசியல்வாதிகளும் நில ஆசையும்தான் அதன் பெயரைக் கெடுக்கின்றன என்று பேசத் தொடங்கினேன். இப்போது இரண்டையும் என்னால் முழுமனதாகச் சொல்ல முடியவில்லை.

முதல் பதிலை அசைத்தது ஹென்றி தாஜ்ஃபெலின் சோதனை. அவர் போலந்தில் பிறந்த யூதர். இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து, ஜெர்மானியரிடம் பிடிபட்டு, போர்க் கைதியாக இருந்து உயிர் தப்பியவர். போர் முடிந்து திரும்பியபோது அவருடைய குடும்பத்தில் ஏறக்குறைய எவருமே மிஞ்சியிருக்கவில்லை. பிற்காலத்தில் பிரிட்டனின் பிரிஸ்டல் நகரில் உளவியல் பேராசிரியராக இருந்தபோது அவர் எடுத்துக்கொண்ட கேள்வி இது: ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்துக்கு ஓரவஞ்சனை செய்வதற்குக் குறைந்தபட்சம் என்ன இருக்க வேண்டும்? பழைய பகை, மதம், மொழி, பணப் போட்டி என்று எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, எதுவுமே இல்லாத இடத்திலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கலாம் என்று நினைத்தார்.

1970-இல் வெளிவந்த அந்தச் சோதனையில் 14, 15 வயதுப் பள்ளிச் சிறுவர்களிடம் பவுல் கிளீ, வாசிலி காண்டின்ஸ்கி என்ற இரண்டு ஓவியர்களின் படங்களைக் காட்டி, எது பிடிக்கிறது என்று கேட்டார்கள். ஒவ்வொருவனிடமும் அவன் கிளீ குழு அல்லது காண்டின்ஸ்கி குழு என்று சொன்னார்கள். உண்மையில் அந்தப் பிரிப்பு குருட்டுச் சீட்டுப் போட்டதைப் போன்றதுதான். தன் குழுவில் வேறு யார் இருக்கிறார்கள் என்பதுகூட ஒருவனுக்கும் தெரியாது. பிறகு தனித்தனியாக உட்காரவைத்து, பெயர் தெரியாத இரண்டு பேருக்கு, ஒருவன் தன் குழு, இன்னொருவன் மறுகுழு, புள்ளிகளைப் பங்கிடச் சொன்னார்கள். அந்தப் புள்ளிகள் பின்னர் காசாக மாறும்.

அந்தப் பங்கீட்டு அட்டவணைகளில் ஒன்றை நான் ஒரு தாளில் எழுதிவைத்து நெடுநேரம் பார்த்திருக்கிறேன். ஒரு முனையில் தன் குழுக்காரனுக்கு 7, மற்றவனுக்கு 1. மறுமுனையில் தன் குழுக்காரனுக்கு 19, மற்றவனுக்கு 25. நடுவில் இருவருக்கும் 13. தன் ஆளுக்கு நல்லது செய்வதுதான் நோக்கம் என்றால் 19-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும்; நியாயம்தான் நோக்கம் என்றால் 13-ஐ. சிறுவர்களின் கை நியாயத்தை முழுவதுமாக விட்டுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் அது சாய்ந்தது முதல் முனையின் பக்கம். தன் ஆளுக்குக் கிடைக்கக்கூடியது குறைந்தாலும் பரவாயில்லை, மற்றவன் தன் ஆளைவிடக் கீழே இருக்க வேண்டும் என்ற பக்கம். தாஜ்ஃபெல் ஒவ்வொன்றாகச் சேர்க்க வைத்திருந்த காரணங்கள் எதையும் சேர்ப்பதற்கு முன்பே, வெறும் பெயர்ப் பிரிப்பிலேயே, அவர் தேடியது முளைத்துவிட்டது. இங்கே கடவுளும் இல்லை, வேதமும் இல்லை, மூதாதையர் சிந்திய இரத்தமும் இல்லை.

சிறுவர்கள் காசுக்காகச் செய்த விளையாட்டு என்று இதை ஒதுக்கிவிட முடியவில்லை. இன்றைய இஸ்தான்புல்லான கான்ஸ்டாண்டினோபிள் நகரத்தில், ஆறாம் நூற்றாண்டில், தேரோட்டப் பந்தயத்தில் நீல அணி, பச்சை அணி என்று இரண்டு கட்சிகள் இருந்தன. அந்த நிறங்களுக்காக அண்ணன் தம்பிகள் பிரிந்தார்கள், தெருக்களில் கொலை நடந்தது என்று அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் எழுதிவைத்திருக்கிறார். 532 ஜனவரியில் ஒரு கலவரத்துக்காகத் தூக்கிலிடப்பட்ட சிலரில் ஒரு நீலக்காரனும் ஒரு பச்சைக்காரனும் கயிறு அறுந்து கீழே விழுந்து பிழைத்துக்கொண்டார்கள். பேரரசர் ஜஸ்டினியன் அவர்களை விடுவிக்க மறுத்தார். அத்தனை காலமும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டிருந்த இரண்டு அணிகளும் சில நாட்களிலேயே ஒரே முழக்கத்துடன் அரசருக்கு எதிராக எழுந்தன. நகரத்தின் பெரும்பகுதி எரிந்தது. இறுதியில் பந்தய மைதானத்தில் படைவீரர்கள் கொன்றுபோட்டவர்கள் 30,000 பேர் என்கிறது அதே குறிப்பு. தலைமுறைப் பகை என்று நினைத்தது ஒரு வாரத்தில் உறவாக மாறியதுதான் எனக்கு இதில் மிகுந்த வியப்பு. கோடு அத்தனை ஆழமானது என்றால் அது எப்படி அத்தனை எளிதாக இடம் மாறும்?

மதத்தின் பெயரால் நடந்ததாக நாம் படிக்கும் போர்களிலும் கோடு இப்படித்தான் வளைந்து நெளிந்து போகிறது. 1618 முதல் 1648 வரை ஐரோப்பாவை அழித்த முப்பதாண்டுப் போர் கத்தோலிக்கர்களுக்கும் புராட்டஸ்டன்ட் எனப்படும் சீர்திருத்தச் சபையினருக்கும் இடையில் மூண்டது என்பது உண்மை. ஆனால் கத்தோலிக்கத் திருச்சபையின் கர்தினாலாக இருந்த ரிஷ்லியூதான் பிரான்சின் அமைச்சராக இருந்து, கத்தோலிக்கப் பேரரசருக்கு எதிராக, சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த சுவீடனுக்குப் பணம் கொடுத்தார். வட அயர்லாந்தில் 1960-களின் இறுதியில் தொடங்கி 1998 ஒப்பந்தம் வரை அதே இரண்டு சபையினருக்கும் இடையில் நீண்ட மோதலில் 3,500-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். அங்கே சுட்டவர்கள், அப்பமும் திராட்சை இரசமும் உண்மையாகவே கிறிஸ்துவின் உடலாகவும் இரத்தமாகவும் மாறுகின்றனவா என்ற பழைய இறையியல் விவாதத்துக்காகச் சுடவில்லை. யாருக்கு வீடு, யாருக்கு வேலை, யாருக்கு வாக்கு, யாருடைய கொடி என்பதுதான் சண்டை. சபையின் பெயர், அந்தச் சண்டையில் எந்தப் பக்கம் பிறந்தாய் என்பதைச் சொல்லும் அடையாளமாக இருந்தது.

இவ்வளவையும் சொல்லி, ஆகையால் மதத்தின் மேல் குற்றமில்லை என்று முடித்துவிடுவது என்னைப் போன்ற நம்பிக்கையாளர்களுக்கு வசதியானது. நானே பல மேடைப் பேச்சுகளில் அதைக் கேட்டுத் தலையாட்டியிருக்கிறேன். ஆனால் அடையாளம் மட்டும்தான் என்றால், தேரோட்ட நிறங்கள் மறைந்துபோனதைப் போல மத அடையாளங்களும் மறைந்துபோயிருக்க வேண்டும். அவை மறையாமல் நிற்பதற்குக் காரணம், மதம் கூட்டத்துக்கு வேறெதுவும் கொடுக்க முடியாத ஒன்றைக் கொடுக்கிறது.

14-ஆம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவில் வாழ்ந்த இப்னு கல்தூன் இதை நேராகப் பார்த்தவர். இரத்த உறவிலும், சேர்ந்து பட்ட கஷ்டத்திலும் பிறக்கும் கூட்டுணர்வை அவர் ‘அசபிய்யா’ என்று குறிப்பிட்டார். மதம், அந்தக் கூட்டத்துக்குள் இருக்கும் பொறாமையையும் போட்டியையும் துடைத்து, எல்லாருடைய முகத்தையும் ஒரே திசைக்குத் திருப்பி, அதன் வலிமையைப் பெருக்குகிறது என்றார். கூட்டுணர்வு இல்லாத இடத்தில் மத அழைப்பு மட்டும் வெற்றி பெறாது என்றும் அவரே சொன்னார். இரண்டும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு ஏறும் கொடிகள். 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் தோன்றிய 200 கூட்டுவாழ்க்கைக் குடியிருப்புகளின் வரலாற்றை மானிடவியலாளர் ரிச்சர்ட் சோசிஸ் ஆராய்ந்தபோது, எந்த ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டாலும், மதத்தின் அடிப்படையில் அமைந்தவை கலையாமல் நிற்கும் வாய்ப்பு மற்றவற்றைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு இருந்தது. நோன்பு, உடைக் கட்டுப்பாடு, துறக்க வேண்டியவை என்று கடுமையான விதிகள் அதிகமாக இருந்த மதக் குடியிருப்புகளே அவற்றுள்ளும் நெடுங்காலம் நீடித்தன. முன்பின் தெரியாத ஒருவனை நம்பிக் கடன் கொடுக்கவும், அவன் பிள்ளையைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ளவும் ஒரு காரணம் வேண்டும். அவனும் என்னைப் போலவே பசித்திருக்கிறான், என்னைப் போலவே மண்டியிடுகிறான் என்பது அந்தக் காரணமாக இருந்திருக்கிறது. நோயில் கிடந்தபோது என் வீட்டு வாசலுக்கு முதலில் வந்தவர்கள் என்னோடு வழிபடுகிறவர்கள்தான். அந்த அன்பை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் தேடி வந்தது ‘எங்கள் ஆள்’ ஒருவனைத்தான்.

இதைப் பற்றிய ஆய்வுகளில் என் மனதை விட்டு அகலாத ஒன்று, ஜெரமி கின்ஜஸும் உடன் ஆய்வாளர்களும் 2009-இல் வெளியிட்டது. பாலஸ்தீன முஸ்லிம்களிடம் அவர்கள் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகக் கேட்டார்கள்: எவ்வளவு அடிக்கடி தொழுகிறீர்கள், எவ்வளவு அடிக்கடி பள்ளிவாசலுக்குப் போகிறீர்கள். தொழுகையின் அளவுக்கும் தற்கொலைத் தாக்குதலை ஆதரிப்பதற்கும் தொடர்பு தென்படவில்லை. பள்ளிவாசலுக்குச் செல்வதற்கும் அந்த ஆதரவுக்கும் தொடர்பு இருந்தது. இதை ஒரு மதத்தின் குணம் என்று எடுத்துக்கொள்ள அவர்கள் இடம் வைக்கவில்லை. இந்தோனேசிய முஸ்லிம்கள், மெக்சிகோவின் கத்தோலிக்கர்கள், பிரிட்டனின் சீர்திருத்தச் சபையினர், ரஷ்யாவின் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள், இஸ்ரேலிய யூதர்கள், இந்திய இந்துக்கள் என்று ஆறு நாடுகளில் ஆறு சமயத்தாரிடம் கேட்டபோதும், தன் கூட்டத்துக்காக உயிரைக் கொடுக்கவும் பிற கூட்டத்தைப் பழிக்கவும் தயாராக இருப்பது ஒட்டிக்கொண்டு வந்தது சேர்ந்து கூடும் பழக்கத்தோடுதான். தனித்த பிரார்த்தனையோடு அல்ல.

இதைப் படித்த அன்று நான் வழிபாட்டு இடத்துக்குப் போயிருந்தேன். நூற்றுக்கணக்கான குரல்கள் ஒரே நேரத்தில் எழும்போது உடம்பு சிலிர்க்கும், ‘நான்’ என்பது கரைந்துபோகும். நம்பிக்கையாளர்கள் அனைவருக்கும் தெரிந்த அனுபவம் அது. அந்தக் கரைதலில் என் சுயநலம் கரைவது உண்மை. கரைந்த ‘நான்’ எங்கே போய்ச் சேர்கிறது என்பதை அன்றுதான் முதல்முறையாகக் கவனித்துப் பார்த்தேன். அது கடவுளிடமும் போகிறது, பக்கத்தில் நிற்பவனிடமும் போகிறது. ஆனால் அந்தச் சுவருக்கு வெளியே நடந்துபோகிறவனிடம் போகவில்லை.

மதம் செய்யும் இன்னொரு காரியமும் உண்டு. பேரம் பேசக்கூடிய ஒன்றைப் பேரத்துக்கு அப்பாற்பட்டதாக அது ஆக்கிவிடும். நிலத்துக்காகச் சண்டையிடும் இருவர் பாதிப் பாதி என்று பிரித்துக்கொள்ள முடியும். அதே நிலம் புனிதமாகிவிட்டால் பாதி கொடுப்பது துரோகமாகிவிடும். இஸ்ரேலிய, பாலஸ்தீனத் தரப்புகளிடையே கின்ஜஸ், ஸ்காட் அட்ரான் ஆகியோர் நடத்தி 2007-இல் வெளியான ஆய்வில், நிலம் போன்ற ஒன்றைத் தன் புனித உரிமையாகக் கருதியவர்களிடம் விட்டுக்கொடுப்பதற்கு ஈடாகப் பணம் தருவதாகச் சொன்னபோது கோபம் கூடியது. எதிர்த்தரப்பு தன் புனிதமான ஒன்றை விட்டுக்கொடுப்பதாகச் சொன்னபோதுதான் கோபம் தணிந்தது. பணத்தை நீட்டியவர்கள் நல்லெண்ணத்தோடுதான் நீட்டுகிறார்கள் என்று வைத்துக்கொண்டாலும், எதிரே இருப்பவரின் காதில் அது ‘உன் தாயை என்ன விலைக்குத் தருவாய்’ என்றுதான் விழுகிறது.

ருவாண்டாவைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுத முடியாது. அங்கே ஹுட்டு, டுட்ஸி ஆகிய இரு இனத்தாரும் பேசியது ஒரே மொழி. பெரும்பாலோர் வழிபட்டது ஒரே சிலுவையின் முன். இருவருக்கும் இடையில் இருந்த பழைய வேறுபாடுகளை 1930-களில் பெல்ஜிய ஆட்சி அடையாள அட்டையில் அச்சிட்டு, மாறாத ஒன்றாக ஆக்கியது. 1994 ஏப்ரலில் தொடங்கிய சுமார் 100 நாட்களில், டுட்ஸிகளைக் கொல்லச் சாலைத் தடுப்புகளில் நின்ற ஹுட்டுக்கள் முதலில் கேட்டது அந்த அட்டையைத்தான். அட்டையில் அந்த ஒரு சொல்லைப் பார்ப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? கொல்லப்பட்டவர்கள் 8 லட்சம் பேர் வரை இருப்பார்கள் என்று கணக்கிடப்படுகிறது. தேவாலயத்துக்குள் வந்து கொல்ல மாட்டார்கள் என்று நம்பி நியாருபுயேயிலும் ந்தாரமாவிலும் ஆலயங்களுக்குள் அடைக்கலம் புகுந்தவர்கள் அங்கேயே ஆயிரக்கணக்கில் வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்களில் அதே ஆலயத்தில் ஞாயிறுதோறும் மண்டியிட்டவர்களும் இருந்தார்கள். ஒரே நம்பிக்கையால் அந்தக் கோட்டை அழிக்க முடியவில்லை.

அதே நாட்டில், சிறுபான்மையினராக இருந்த முஸ்லிம்களில் பலர் ஹுட்டு, டுட்ஸி என்று பாராமல் மக்களை ஒளித்துவைத்துக் காப்பாற்றினார்கள். அவர்களுக்குள் ஏற்கெனவே இருவரும் கலந்திருந்தார்கள். வேறொரு கோடு இந்தக் கோட்டைக் குறுக்கே வெட்டிச் சென்றது. பிரான்சின் லெ ஷாம்போன் என்ற மலைக் கிராமத்தில் நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தில் பெருந்தொகையான யூதர்களுக்கு அடைக்கலம் கொடுத்தவர்கள், ஒரு காலத்தில் தங்கள் நம்பிக்கைக்காகத் தாங்களே வேட்டையாடப்பட்ட ஹியூகனோ என்ற பிரெஞ்சுச் சீர்திருத்தச் சபையின் வழிவந்தவர்கள். மதம் பகையை மட்டுமே வளர்க்கிறது என்ற என் இளமைக்காலப் பதில் இங்கே வந்து உடைகிறது.

கோட்டை நகர்த்த முடியுமா என்பதற்கு எல்லாரும் எடுத்துக்காட்டுவது 1954-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் உளவியலாளர் முசாஃபர் ஷெரீஃப் நடத்திய முகாம். 11, 12 வயதுச் சிறுவர்கள் 22 பேர். எல்லாரும் ஒரே நிறம், ஒரே சபைப் பிரிவு, ஒரே வசதி. இரண்டாகப் பிரித்துப் போட்டி வைத்ததும் கொடியை எரித்தார்கள், இரவில் குடில்களைச் சூறையாடினார்கள். ஒன்றாக உட்காரவைத்துப் பார்த்தபோது சண்டை கூடியதே தவிரக் குறையவில்லை. குடிநீர்க் குழாய் அடைபட்டு, இரு குழுவும் சேர்ந்து கோளாறைத் தேட வேண்டி வந்த பிறகுதான் இளகத் தொடங்கியது. பின்னர் ஒருநாள் உணவு கொண்டுவர வேண்டிய வண்டி கிளம்ப மறுத்தது. சிறுவர்கள் ஒரு கயிற்றைக் கொண்டுவந்து கட்டி, எல்லாருமாக இழுத்தார்கள். சில நாட்களுக்கு முன் கயிறிழுக்கும் போட்டியில் இரண்டு பக்கமும் எதிரெதிராக நின்று இழுத்த அதே கயிறு அது.

ஷெரீஃப் அதற்கு முந்தைய ஆண்டு இதே போன்ற ஒரு முகாமை நடத்தப் பார்த்து அதைப் பாதியில் கைவிட்டார் என்பதை இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. அங்கே சிறுவர்களைப் பிரிப்பதற்கு முன் சில நாட்கள் ஒன்றாக விட்டிருந்தார்கள், அவர்கள் நண்பர்களாகிவிட்டிருந்தார்கள். பிரித்த பிறகு எவ்வளவு தூண்டியும் ஒருவர் மேல் ஒருவர் பாய மறுத்து, முகாமை நடத்துகிறவர்கள் மேல்தான் சந்தேகப்பட்டார்கள். எனக்கு அந்தத் தோற்றுப்போன முகாம்தான் பெரிதாகத் தெரிகிறது.

2005-இல் பிரிட்டனின் மார்க் லெவினும் உடன் ஆய்வாளர்களும் மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணியின் ரசிகர்களை அழைத்து, அந்த அணியின் மேல் அவர்களுக்கு இருக்கும் பற்றைப் பற்றி எழுதச் சொன்னார்கள். பிறகு ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு நடந்துபோகச் சொன்னபோது, வழியில் ஓடிவந்த ஒருவர் இடறி விழுந்து கணுக்காலைப் பிடித்துக்கொண்டு கத்துவார். அவர் அணிந்திருந்தது யுனைடெட் சட்டை என்றால் பெரும்பாலோர் நின்று உதவினார்கள். பரம எதிரியான லிவர்பூல் சட்டை என்றால் பலர் கடந்துபோனார்கள். மறுமுறை வேறு ரசிகர்களிடம், கால்பந்து ரசிகராக இருப்பதன் நல்ல பக்கங்களைப் பற்றி எழுதச் சொன்னார்கள். இம்முறை லிவர்பூல் சட்டைக்காரருக்கும் யுனைடெட் சட்டைக்காரரைப் போலவே கை நீண்டது. சில நிமிட எழுத்து ‘நாங்கள்’ என்பதை ‘நாம்’ ஆக்கிவிட்டது. ஆனால் எந்த அணியின் சட்டையும் இல்லாமல், சாதாரணச் சட்டையில் விழுந்து கத்தியவருக்கு இரண்டு முறையும் அந்த அளவு உதவி கிடைக்கவில்லை.

இதை எழுதத் தொடங்கும் முன், அந்தக் கொலைச் செய்தியை மறுபடி தேடி எடுத்தேன். கைதானவனின் பெயர் எனக்கு நன்றாக நினைவிருந்தது. இறந்தவரின் பெயர் இரண்டாவது வரியிலேயே இருந்திருக்கிறது. அன்றைக்கு அதைக் கடந்துதான் கீழே போயிருக்கிறேன். பக்கத்து இருக்கைத் தம்பியிடம் கைப்பேசியை நீட்டி, அந்தப் பெயரைப் படித்த நினைவு இருக்கிறதா என்று கேட்டேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, “இல்லண்ணா” என்றார்.